அத்தியாயம் 5: கூடவே வரும் நோய்கள் – ‘அவன் அப்படித்தான்’ என்று விடக் கூடாதவை

1930களின் தொடக்கத்தில் நார்வேயில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார். இருவருக்குமே அறிவு வளர்ச்சி கடுமையாகத் தடைபட்டிருந்தது. அதோடு பிள்ளைகளின் சிறுநீரில் வீசிய விநோதமான வாடையும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. “மூளை வளராத பிள்ளைக்கு மூத்திர வாடை ஒரு விஷயமா?” என்கிற பாவனையில்தான் பலரும் அவரை அனுப்பிவைத்தார்கள். அவர் விடவில்லை. 1934இல் விஷயம் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்தது. அவர் அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்துப் பார்த்தார். அது பச்சை நிறமாக மாறியது. உடலால் ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலத்தைச் செரித்துக் கையாள முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைச் சிதைக்கும் நோய் ஒன்று அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அதன் பெயர் பினைல்கீட்டோனூரியா. பிறந்த குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம். உடனே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினால் மூளைப் பாதிப்பையே தடுக்கலாம்.

அந்தத் தாய்க்கு நேர்ந்தது தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மூர் வெளிநோயாளர் பிரிவுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தலையை முட்டிக்கொள்கிறது, முன்பு நடந்தது இப்போது நடக்க மறுக்கிறது என்று எதைச் சொன்னாலும் “இந்தப் பிள்ளைங்க அப்படித்தாங்க இருக்கும்” என்ற பதில் வந்துவிடுகிறது. சில சமயம் அந்தப் பதிலை மருத்துவர் சொல்கிறார், சில சமயம் பெற்றோரே தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாட்டின் நிழலில் மற்ற நோய்கள் மறைந்துபோகும் இந்த நிலைமையை 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய குழுவினரும் ஆய்வு செய்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

அறிவுத்திறன் குறைபாடு ஒரு நோய் அல்ல. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70க்குக் கீழே இருப்பதும், அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் திறன் வயதுக்கு ஏற்ப வளராததும், இவை இரண்டும் 18 வயதுக்கு முன்பே தெரியவருவதும் சேர்ந்த ஒரு நிலை அது. அதை மாத்திரையால் மாற்ற முடியாது. ஆனால் அதனோடு கூட வரும் வலிப்பு, இதயக் கோளாறு, தைராய்டு, செவித்திறன் குறைவு, மலச்சிக்கல், பல் வலி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அவற்றைச் சரிசெய்த பிறகு குழந்தையின் கற்கும் திறனும் நடத்தையும் எவ்வளவு முன்னேறுகின்றன என்பதைச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள்.

ஏன் கூடவே வருகின்றன?

மூளையைத் தொட்ட காரணம் மூளையோடு நின்றுவிடுவதில்லை. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா தொற்று ஏற்பட்டால் அது கருவின் மூளையோடு இதயம், கண், காது மூன்றையும் தாக்கும். சைட்டோமெகாலோ வைரஸ் தொற்றில் பிறக்கும்போது நன்றாகக் கேட்ட காதுகூடச் சில ஆண்டுகளில் மந்தமாகலாம். 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறியில் உடலின் ஒவ்வொரு செல்லிலும் அந்தக் கூடுதல் இருக்கும் என்பதால் இதயம், தைராய்டு, குடல், கழுத்தெலும்பு என எதுவும் தப்பாது. பிரசவத்தின்போது மூச்சுத் திணறிய குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறைவோடு தசை இறுக்கமும் வலிப்பும் சேர்ந்துகொள்ளலாம்.

ஆகவே குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது என்று சொல்லப்பட்டதும் பெற்றோர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: “காரணம் என்னவென்று தெரியுமா டாக்டர்?” காரணம் தெரிந்தால் எந்தெந்த உறுப்பை எந்த வயதில் பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் கையோடு கிடைத்துவிடும். தோலில் வேப்பிலை வடிவத்தில் வெளிறிய தேமல்கள் பல இருக்கும் குழந்தைக்கு வலிப்பும் வந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது உறுதியானால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும். எல்லாருடனும் சிரித்துப் பழகும், பாட்டு என்றால் உயிரை விடும் வில்லியம்ஸ் நோய்க்குறிக் குழந்தைக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி குறுகியிருக்கலாம். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத பிராடர்-வில்லி நோய்க்குறியில் உடல் பருமனும் சர்க்கரை நோயும்தான் முதல் எதிரிகள். மரபணுப் பரிசோதனையால் என்ன பயன், குழந்தை மாறிவிடவா போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வலிப்பு: வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது

பொதுமக்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வலிப்பு நோய் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. குறைபாடு கடுமையாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் கூடும்.

கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளும் ‘ஃபிட்ஸ்’ எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது மற்ற வகைகள்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை சில விநாடிகள் வெறித்துப் பார்க்கும், கையில் இருக்கும் உருண்டை அப்படியே நிற்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல மெல்லத் தொடங்கும். இன்னொரு பிள்ளை திடீர் திடீரென்று தலை தொங்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொள்ளும். முதலாவதைக் கவனக்குறைவு என்றும் இரண்டாவதைச் சேட்டை என்றும் பள்ளியில் நினைத்துவிடுகிறார்கள். இரண்டுமே வலிப்பாக இருக்கலாம்.

இவற்றில் மிக அவசரமானது கைக்குழந்தைக்கு வருவது. பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள், தூங்கி எழும் நேரத்தில், தலை முன்னால் மடங்கி இரண்டு கைகளும் சட்டென்று விரிந்து சுருங்கும். ஒரு வெட்டு ஒன்றிரண்டு விநாடிதான். ஆனால் அடுத்தடுத்துப் பத்து இருபது வரும். இடையில் குழந்தை வீறிட்டு அழும். “உரம் விழுந்திருக்கும்” என்று சொல்லிப் பாட்டி புடவையில் போட்டு உருட்டச் சொல்வார். சிலர் வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த அசைவுகளைத் துல்லியமாக விவரித்து ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் விவரித்தது தன் சொந்த மகனை. யாருக்காவது வைத்தியம் தெரியுமா என்று சக மருத்துவர்களிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார். அவர் காலத்தில் மருந்து இல்லை. இன்று ஸ்டீராய்டு, ஏசிடிஹெச் ஊசி, விகாபாட்ரின் போன்ற சிகிச்சைகள் உண்டு. நாள் கடத்தாமல் தொடங்கினால் பலன் கூடுதல் என்பதால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. குழந்தை அப்படி வெட்டும்போது செல்போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுவதுதான் பெற்றோர் செய்ய வேண்டியது. பத்து நிமிடம் வாயால் விவரிப்பதைவிட அரை நிமிட வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும்.

வலிப்பு வந்தால் வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கழுத்தைச் சுற்றியுள்ள துணியைத் தளர்த்தி, தலைக்கு அடியில் மடித்த துண்டு வைக்க வேண்டும். மணி பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கும், அந்தப் பெருமையைச் சாவி தட்டிச் செல்கிறது, அவ்வளவுதான். வாயில் ஸ்பூனோ துணியோ விரலோ திணிப்பது பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. 5 நிமிடம் கடந்தும் நிற்கவில்லை, நினைவு திரும்பாமலே மறுபடி வருகிறது, மூச்சு சீராகவில்லை, தண்ணீரில் விழுந்துவிட்டது, அல்லது இதுதான் முதல் வலிப்பு என்றால் 108ஐ அழைக்க வேண்டும். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வலிப்பு மருந்தை நிறுத்தும் முடிவு ஒருபோதும் வீட்டில் எடுக்கப்படக் கூடாது. ஆறு மாதமாக வரவில்லையே என்று நிறுத்துவதும், ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போவதும் நீண்ட, ஆபத்தான வலிப்பில் கொண்டுபோய் விடும்.

டவுன் நோய்க்குறி: இதயமும் தைராய்டும்

ஜான் லாங்டன் டவுன் 1866இல் விவரித்து, 1959இல் ஜெரோம் லெஜ்யூன் குழுவினர் குரோமோசோம் காரணத்தைக் கண்டறிந்த இந்த நிலையில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். இதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டை விழுந்திருப்பது இவர்களிடம் அதிகம். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. பிறந்த முதல் மாதத்துக்குள் எக்கோ எடுத்தாக வேண்டும். காரணம் உண்டு: ஓட்டை வழியாக அதிக ரத்தம் நுரையீரலுக்குப் பாய்ந்துகொண்டே இருந்தால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதன்பின் அறுவை சிகிச்சை செய்யவே முடியாத நிலை வரலாம். பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டுவது, நடுநடுவே மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் இருப்பது, அடிக்கடி சளி பிடித்து மருத்துவமனையில் சேர்ப்பது ஆகியவை இதயம் கொடுக்கும் தகவல்கள்.

இதய அறுவை சிகிச்சை பரவலானதன் விளைவு எளிதில் அளக்கக்கூடியது. 1983இல் அமெரிக்காவில் டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டு அளவில் இருந்தது. இன்று அது 60ஐ ஒட்டி வந்திருக்கிறது.

தைராய்டு இன்னும் தந்திரமானது. சுறுசுறுப்பு குறைவது, மலச்சிக்கல், வறண்ட தோல், எடை கூடுவது, வளர்த்தி நின்றுபோவது ஆகிய எல்லாமே ‘டவுன் குழந்தை’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பிறந்ததும், 6 மாதத்திலும், 12 மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரை எழுதிக்கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். பாலோடும், இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளோடும் சேர்த்துக் கொடுத்தால் உடலில் சரியாகச் சேராது.

கழுத்தும் கவனத்துக்குரியது. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு சில டவுன் குழந்தைகளுக்குத் தளர்ந்திருக்கும். நடை தள்ளாடத் தொடங்கினாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்துக்கொண்டாலோ, ஏற்கெனவே கட்டுப்பாடு வந்த பிள்ளை திடீரென்று உடையிலேயே சிறுநீர் கழித்தாலோ அது தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். குட்டிக்கரணம், டிராம்போலின் குதியாட்டம் ஆகியவற்றுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் “இவளுக்கு டவுன் சிண்ட்ரோம், கழுத்தைப் பார்த்துத் தூக்குங்க” என்று பெற்றோர் தயங்காமல் சொல்லலாம்.

கண்ணும் காதும்

கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குப் புரியவில்லையா, கேட்கவில்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி நடப்பதுண்டு. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் செவித்திறன் குறைகிறது. பெரும்பாலும் நடுக்காதில் பசைபோன்ற நீர் தேங்குவதுதான் காரணம். அது சரிசெய்யக்கூடியது. பெருமூளை வாதத்திலும் பிறவித் தொற்றுகளிலும் உட்காது நரம்பே பாதிக்கப்படலாம். குழந்தை ஒத்துழைக்க வேண்டிய தேவையே இல்லாமல், தூங்கும்போது செய்யப்படுவது பெரா பரிசோதனை. நரம்புவழிச் செவித்திறன் இழப்பு கடுமையாக இருந்தால் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. வயது கடந்தால் மூளை பேச்சொலியைக் கற்கும் காலமும் கடந்துவிடும்.

கண்ணுக்கும் இதே கதைதான். “எழுத்து தெரியாத பிள்ளைக்கு எப்படி கண் டெஸ்ட் பண்ணுவாங்க?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரியவைத்து, ஒளிக்கற்றையைப் பாய்ச்சியே கண்ணாடிக்கான பவரைக் கணக்கிட முடியும். குழந்தை ஒரு எழுத்தைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. பெருமூளை வாதம் உள்ள சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் மூளை காட்சியைப் புரிந்துகொள்ளாது. நெரிசலான அலமாரியில் தன் பொம்மையைத் தேட முடியாத குழந்தை, வெறும் கறுப்புத் துணியில் அதை வைத்தால் எடுத்துவிடும். இது தெரிந்தால் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரே படம் என்று ஆசிரியர் மாற்றிக்கொள்வார்.

சாப்பாடு, வயிறு, பல்

மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் குழந்தைக்குத் தண்ணீர்தான் சுலபம் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறு. தண்ணீர், ரசம், பால் போன்ற நீர்த்தவை தொண்டையில் வேகமாக ஓடி மூச்சுக்குழலுக்குள் நுழைந்துவிடும். கெட்டியான ராகிக்கூழ், குழைய மசித்த பருப்புச் சாதம் ஆகியவற்றைப் பல குழந்தைகள் பாதுகாப்பாக விழுங்கும். சாப்பிடும்போதெல்லாம் இருமல், சாப்பிட்ட பிறகு தொண்டையில் கரகரப்பு, மாதந்தோறும் நெஞ்சுச் சளி என்று இருந்தால் உணவு நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், முன்வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய் என்று கொடுக்க வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். ஆனால் காரணமில்லாமல் அழுவது, சாப்பிட மறுப்பது, தூக்கம் கெடுவது, வலிப்பு கூடுவது ஆகிய பலவற்றின் பின்னால் இருப்பது இறுகிப்போன மலம்தான். தசைத் தளர்ச்சி, நடமாட்டக் குறைவு, போதாத தண்ணீர், சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. இங்கே ஒரு பொறி உண்டு. உள்ளே கட்டியாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடுவார்கள். நிலைமை மோசமாகும். மூன்று நாளுக்கு மேல் சரியாக மலம் கழிக்கவில்லை என்றால் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மண், சாம்பல், பல்பம், சுவர் சுண்ணாம்பு, பச்சரிசி என்று உணவல்லாததையும் தின்னும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கும். அதை அடித்துத் திருத்தப் பார்ப்பதற்கு முன் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும், குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். பழைய பெயின்ட் உதிரும் வீடு என்றால் ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்க்கலாம். ஈயம் மூளையை மேலும் பாதிக்கும் விஷம்.

பல்லை எல்லாரும் கடைசியில் நினைக்கிறார்கள். இனிப்பான சிரப் மருந்துகளைத் தினமும் குடிப்பது, வாயில் உணவை அடக்கிவைத்திருப்பது, பல் தேய்க்கவிடாதது எல்லாம் சொத்தைக்கு வழி. ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்து ஈறுகளைத் தடிக்க வைக்கும். முதல் பல் முளைத்ததிலிருந்தே ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பல் மருத்துவரைப் பார்த்துப் பழகிவிட்டால் பிற்பாடு முழு மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்க வேண்டிய நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எலும்பு, மூட்டு, வலி

2012இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் பெருமூளை வாதம் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். அக்குழந்தைகளில் இருவரில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடு, நால்வரில் ஒருவருக்கு வலிப்பு, மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு நகர்வு என்று கணக்கு வந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது வலி: நால்வரில் மூவருக்கு.

நடக்காத குழந்தையின் தொடையெலும்பு இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே நழுவும். ஆரம்பத்தில் வலியும் இருக்காது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதனால் வலி வரும்வரை காத்திராமல், நடக்க முடியாத குழந்தைகளுக்கு எலும்பு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உடை மாற்றக் காலை விரிக்கும்போது அழுகை, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிவது ஆகியவை தாமதமாகிவிட்டதன் அறிகுறிகள். வெயிலே படாமல் வீட்டுக்குள் இருக்கும், நீண்ட காலமாக வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு எளிதில் முறியும். தூக்கும்போது முறிந்து, வீங்கிய பிறகே தெரியவந்த சம்பவங்கள் மருத்துவர்களுக்குப் பழக்கம்.

பேச முடியாத குழந்தைக்கு வலிக்கிறது என்பதை எப்படி அறிவது? மருத்துவமனைகளில் ஐந்து விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு: முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்பது. இதில் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய தனி அடையாளத்தைப் பெற்றோர் சேர்த்துச் சொல்லலாம். ஒரு பிள்ளை வலித்தால் தன் கையைக் கடிக்கும், இன்னொன்று சிரிக்கும், வேறொன்று முற்றிலும் அமைதியாகிவிடும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த இந்தத் தகவல் மருத்துவப் பதிவில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தூக்கமும் நடத்தையும்

குறட்டை விடும் குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது என்று பொருள் அல்ல. பெரிய டான்சில், அடினாய்டு, தளர்ந்த தொண்டைத் தசை ஆகியவற்றால் இரவில் மூச்சு நின்று நின்று வரும். கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ தூங்குவது, வியர்ப்பது, காலையில் எரிச்சலோடு எழுவது எல்லாம் அதைக் காட்டும். டவுன் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இந்தச் சிக்கல் இருக்கிறது. அதனால் குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் தூக்க ஆய்வு செய்யச் சொல்கிறார்கள் நிபுணர்கள். இரவில் ஆக்சிஜன் சரியாகக் கிடைக்காத பிள்ளை பகலில் துறுதுறுவென்று அலையும். அதற்கு அதிவேகத்தன்மை என்று பெயர் வைத்து மருந்து தொடங்குவதற்கு முன் தொண்டையைப் பார்க்க வேண்டும்.

உண்மையாகவே மனநலச் சிக்கல்கள் வருவதும் உண்டு. ஆட்டிசம், கவனக்குறைவு–அதிவேகத்தன்மை, பதற்றம், மனச்சோர்வு போன்றவை மற்றக் குழந்தைகளைவிட இவர்களிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆனால் அங்கே போவதற்கு முன் ஒரு வரிசை இருக்கிறது. தலையை முட்டிக்கொள்ளத் தொடங்கிய பிள்ளைக்கு முதலில் காதில் சீழ், பல் சொத்தை, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், கண் அழுத்தம், பெண் குழந்தை என்றால் மாதவிடாய் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வீட்டிலோ பள்ளியிலோ ஏதாவது மாறியதா என்று யோசிக்க வேண்டும்: பழகிய ஆயா போய்விட்டாரா, வேன் மாறியதா, யாராவது அடிக்கிறார்களா? பாலியல் துன்புறுத்தலையும் மனதில் வைத்தே ஆக வேண்டும். சொல்லத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இக்குழந்தைகளைக் குறிவைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். இவை எதுவும் இல்லை என்ற பிறகுதான் நடத்தைப் பயிற்சி, அதற்கும் பிறகே மருந்து.

மருந்து பற்றிய தகவலைப் பெற்றோர் அழுத்திச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனில் நடந்த ஒரு மரணம் சாட்சி. ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞருக்கு ஆட்டிசம், வலிப்பு, லேசான அறிவுத்திறன் குறைபாடு மூன்றும் இருந்தன. மனநோய்க்கான சில மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரும் பெற்றோரும் சொல்லியிருந்தும், வலிப்புக்காகச் சேர்க்கப்பட்ட இடத்தில் அத்தகைய மருந்து கொடுக்கப்பட்டது. அதன் கடும் பக்கவிளைவால் 2016இல் அவர் இறந்துபோனார். அவருடைய தாயின் தொடர் போராட்டத்தால், சுகாதாரப் பணியாளர்கள் அனைவரும் அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்று இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்தப் பயிற்சிக்கு ஆலிவரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

ஒரு கோப்பு போடுங்கள்

அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்கலாம். அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தையின் மொத்த வரலாறும் அவர் கைக்குப் போக வேண்டும். ஒரு சாதாரண ஃபைல் போதும். அதன் முதல் தாளில் இருக்க வேண்டியவை:

1. குறைபாட்டின் காரணம் (தெரிந்திருந்தால்), மரபணுப் பரிசோதனை முடிவு.
2. இப்போது சாப்பிடும் மருந்துகள், அளவு, தொடங்கிய தேதி. ஒத்துக்கொள்ளாத மருந்துகள் சிவப்பு மையில்.
3. வலிப்பு கடைசியாக வந்த நாள், எவ்வளவு நேரம், எப்படி வந்தது. வீடியோ செல்போனில் இருக்கட்டும்.
4. எக்கோ, தைராய்டு, பெரா, கண், இடுப்பு எக்ஸ்ரே, பல்: ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது செய்யப்பட்டது, அடுத்தது எப்போது.
5. எடை, உயரம் – மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
6. தடுப்பூசி விவரம். வலிப்போ குறைபாடோ இருப்பதைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.
7. வலித்தால், பயந்தால், பசித்தால் குழந்தை அதை எப்படிக் காட்டும் என்று நான்கு வரி.

செலவுக்கு வழிகள் இருக்கின்றன. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் பிறந்ததிலிருந்து 18 வயதுவரை பரிசோதனை உண்டு. மேற்சிகிச்சைக்கு மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. மருத்துவமனையில் ‘டி.இ.ஐ.சி.’ என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி மறுப்பது அதில் கிடையாது. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரையிலான இந்தக் காப்பீட்டில் வெளிநோயாளர் சிகிச்சை, பயிற்சிகள், பல் சிகிச்சைகூட அடங்கும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும்தான். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாடு உடையோர் நிறுவனத்தில் பல துறை மதிப்பீடும் ஒரே வளாகத்தில் நடக்கிறது.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் இரண்டு மாற்றங்கள் வரும். குழந்தைகள் நல மருத்துவரிடமிருந்து பொது மருத்துவருக்கு மாற வேண்டும். சட்டப்படி பிள்ளை வயது வந்தவராகிவிடுவதால், தேவைப்படுகிறவர்களுக்குப் பெற்றோரே ஆனாலும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆணை பெற வேண்டியிருக்கும். இரண்டு இடத்திலும் கேட்கப்படுவது மருத்துவ ஆவணங்கள்தான் என்பதால் 16 வயதிலேயே கோப்பைச் சரிபார்க்கத் தொடங்கிவிடலாம்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும் பெற்றோர் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதயம், தைராய்டு, காது, கண் ஆகிய நான்கில் உங்கள் குழந்தைக்கு இதுவரை பார்க்கப்படாதது எது என்று கண்டுபிடித்து, மருத்துவரிடம் கேட்டு, இந்த வாரமே அதற்கு நாள் வாங்குங்கள். தொடக்கநிலை இடையீட்டு மையத்தின் பரிந்துரையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் இந்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் கிடையாது.